33 வாரத்தில் ஹீமோகுளோபின் 8.6: உணவு போதுமா, மாத்திரையா, டிரிப்பா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் வீடு, இரண்டாவது பிரசவம், 33 வாரம் முடிந்திருக்கிறது. கர்ப்பத்துக்கு முன் எடை 58 கிலோ. போன வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. இரும்பு மாத்திரை குமட்டலும் மலச்சிக்கலும் தருவதால் விட்டு விட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இரும்புச்சத்து டிரிப் போடச் சொல்கிறார். அம்மாவோ முருங்கைக்கீரை, கருப்பட்டி, பேரீச்சம்பழம் போதும் என்கிறார். டிரிப் குழந்தைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியிருக்கிறார்கள். “உணவிலேயே ஏற்றிவிட முடியாதா?” என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். மிச்சமிருக்கும் ஏழு வாரத்துக்குள் எந்த வழி பலன் தரும்? டிரிப்பைப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறதா?

இந்த மாவட்டத்தில் பல வருடங்களாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவராகப் பதில் சொல்கிறேன். உணவால் மட்டும் முடியாது. மாத்திரையால் ஓரளவு முடியும், ஆனால் அதற்கான நாட்களில் பெரும்பகுதி போய்விட்டது. உங்கள் டாக்டர் டிரிப் சொன்னது சரியான யோசனை. நான் உங்களை நேரில் பார்க்கவில்லை, முழு ரிப்போர்ட்டும் என்னிடம் இல்லை. அதனால் முடிவை அவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை மட்டும் விளக்குகிறேன். காரணம் புரிந்தால் வீட்டில் பேசுவது உங்களுக்கு எளிதாக இருக்கும்.

முதலில் 8.6 என்ற எண். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் குழம்பில் தண்ணீர் கூடினதுபோல ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது எல்லாருக்கும் இயல்பு. அதைக் கணக்கில் எடுத்துத்தான் கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் இந்த எல்லை 10.5. பத்துக்கு மேல் இருந்தால் லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. நீங்கள் நடுத்தரத்தில் இருக்கிறீர்கள். “எல்லாருக்கும் குறையும், பிரசவம் ஆனால் சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் அது பத்தரைக்குப் பொருந்தலாம், 8.6-க்குப் பொருந்தாது. இது உங்கள் ஒருவருடைய குறையும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல், 52.2 சதவீதம் பேருக்கு, இரத்தசோகை இருந்தது.

இனி இரும்பின் கணக்கு. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300 போல, தாயின் கூடுதல் இரத்தத்துக்கு 450 முதல் 500 வரை, மீதி உடம்பின் அன்றாட இழப்புக்கு. இந்தத் தேவையில் பெரும்பங்கு கடைசி மாதங்களில்தான் வரும். இப்போது உங்கள் உடம்பு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் கேட்கிறது. அது வயிற்றுக்குள் போகும் அளவு அல்ல, இரத்தத்தில் சேர வேண்டிய அளவு. நம்முடைய சோறு, கறி, கூட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 15 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசிச் சாப்பாட்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே நல்லது. அதாவது ஒன்றரை மில்லிகிராம். குறைவு இருக்கும்போது குடல் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தாலும் அன்றன்றைய தேவைக்கே உணவு எட்டவில்லை. பழைய பாக்கியை அது எப்படி அடைக்கும்?

அந்தப் பாக்கி எவ்வளவு என்பதற்கு மருத்துவத்தில் ஒரு சூத்திரம் உண்டு. எடையை, எட்ட வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, உடம்பின் சேமிப்புக்காக 500 கூட்டுவார்கள். எட்ட வேண்டியது 11 என்று வைத்தால் 8.6-க்கும் அதற்கும் வித்தியாசம் 2.4. ஆக உங்களுக்கு 58 பெருக்கல் 2.4 பெருக்கல் 2.4, சுமார் 334. அதோடு 500 சேர்த்தால் 834 மில்லிகிராம். தோராயம்தான், ஆனாலும் டாக்டர் எதை மனதில் வைத்துப் பேசுகிறார் என்பது இதில் தெரியும்.

அம்மா சொன்ன உணவுகளைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எது எவ்வளவு தரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம். பீட்ரூட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மாதுளையில் அரை மில்லிகிராம்கூட இல்லை. சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கைதான் பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. முருங்கைக்கீரை இவற்றைவிட எவ்வளவோ மேல், நூறு கிராம் பச்சைக்கீரையில் 4 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆனால் கீரையின் இரும்பு குடலில் குறைவாகத்தான் சேரும். கருப்பட்டியின் அளவு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மாறும், அதை மருந்தாக நம்ப முடியாது. இன்னொன்று, சர்க்கரைப் பரிசோதனையில் உங்களுக்கு அளவு கூடியிருந்தால், பேரீச்சையையும் கருப்பட்டியையும் இரத்தம் ஊறட்டும் என்று தின்றுகொண்டே இருப்பது வேறொரு பிரச்சினையைக் கொண்டுவரும். அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே இதைவிட நல்ல வழி இருக்கிறது, அதை யாரும் மருந்தாகச் சொல்வதில்லை. சிப்பி. வேகவைத்த நூறு கிராம் சிப்பிச் சதையில் 6 மில்லிகிராம் போல இரும்பு உண்டு. வாய் நன்றாகத் திறக்கும்வரை அவித்து, திறக்காததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கர்ப்பத்தில் அரைவேக்காடு கூடவே கூடாது. சாளை, நெத்தோலி, அயிலை இவையும் நல்லது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி வேறு வகை, குடல் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். அதே தட்டில் இருக்கும் கீரை, பயறு இவற்றின் இரும்பையும் அது கூடச் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். ஆகவே முருங்கைக்கீரைத் துவரனைத் தனியாகச் சாப்பிடுவதைவிடச் சாளைக் கறியோடு சாப்பிடுவது மேல். பெரிய சூரையையும் சுறாவையும் அடிக்கடி வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும். சின்ன மீன்களில் அந்தக் கவலை குறைவு. மீன் சாப்பிடாதவர் என்றால் சிறுபயறு, காணம், கீரை, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரச்சீனிக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. காலையிலோ இரவிலோ கிழங்கையே முழுச் சாப்பாடாக வைத்துக்கொள்ளும் வீடுகள் இங்கே நிறைய. அதில் மாவுச்சத்துதான், இரும்பு மிகச் சொற்பம். மீன் கறியோடு சாப்பிட்டால் பரவாயில்லை. மிளகாய் உடைத்ததும் கட்டன்சாயாவும் மட்டும் தொட்டுக்கொண்டால் அந்த வேளை இரும்புக்கு வீண். சாயாதான் இதில் பெரிய எதிரி. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டின் இரும்பைப் பாதிக்கு மேல் கட்டிப்போடும். காப்பியும் கெடுக்கும், கொஞ்சம் குறைவாக. குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மற்றபடி கருப்பட்டிக் காப்பி என்றாலும் அது காப்பிதான், கருப்பட்டி சேர்ந்ததால் இரும்பு மருந்து ஆகிவிடாது.

அப்புறம் மாத்திரை. இந்தியாவில் இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, நான்காம் மாதத்திலிருந்து 180 நாள். இரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். இன்று தொடங்கி ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டாலும், குமட்டாமல் உள்ளே தங்கினாலும், பிரசவ நாளில் பத்தைத் தொடலாம், கொஞ்சம் தாண்டலாம். இரண்டாவது பிரசவம் 37, 38 வாரத்திலேயே வந்துவிட்டால் அதுவும் இல்லை. மாத்திரை நல்ல மருந்து. அதற்கு வேண்டிய நாட்கள் உங்களிடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி, அதை எப்போது எதோடு சாப்பிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் ஒன்றாக விழுங்கிப் பால் குடித்துப் படுப்பவர்கள் ஏராளம். கால்சியமும் பாலும் இரும்பைச் சேரவிடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் போன்ற மாத்திரையோ ஜெலுசிலோ தினமும் எடுத்தால் அதுவும் தடுக்கும், ஏனென்றால் இரும்பு கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவரானால் எதிர்ப்பக்கத்துச் சிக்கல், இரும்பு அந்த மருந்தைக் கெடுக்கும், நான்கு மணி நேரம் தள்ள வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு, காலைச் சாப்பாட்டோடு கால்சியம், பதினொரு மணிக்குத் தண்ணீரிலோ எலுமிச்சை நீரிலோ இரும்பு, இரவு எட்டு மணிச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம், படுக்கப்போகும்போது பத்து மணிக்கு இரண்டாவது இரும்பு. படுக்கும்முன் போட்டால் குமட்டலும் தூக்கத்தில் போய்விடுகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் வாந்தி வந்து மாத்திரையே நின்றுபோவதைவிடச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்வது மேல். மலம் கறுப்பது சேராத இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. தார்போல ஒட்டி, கெட்ட நாற்றத்தோடு போனால் மட்டும் காட்ட வேண்டும். மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீர், பழம், கீரை, இசப்கோல். அது போதவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டால் கர்ப்பத்தில் தரக்கூடிய மருந்து உண்டு, நாட்டு மருந்துக் கடையில் பேதி மருந்து வாங்க வேண்டாம். இன்னொரு விஷயம், கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்பதால் நானே கேட்கிறேன். மலம் போகும்போது இரத்தம் வருகிறதா? கடைசி மாதங்களில் மூலம் வருவது சாதாரணம். ஒரு பக்கம் இரும்பு ஏற்றிக்கொண்டே இன்னொரு பக்கம் இரத்தம் போய்க்கொண்டிருந்தால் அளவு எப்படி ஏறும்? மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிச்சயமாகச் சொல்ல முடியாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும் என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. கர்ப்பமில்லாத இளம்பெண்களிடம் செய்த ஆய்வுகளில் அப்படித் தெரிந்தது உண்மை. ஒரு நாள் இரும்பு போனால் மறுநாள் குடல் கதவைக் கொஞ்சம் சாத்திவைக்கும் ஹார்மோன் ஒன்று கல்லீரலிலிருந்து வருகிறது, காரணம் அதுதான். ஆனால் எட்டரை ஹீமோகுளோபினோடு எட்டாம் மாதத்தில் இருப்பவருக்கு அதுவே சிறந்தது என்று யாரும் உறுதிப்படுத்தவில்லை. குமட்டல் தாங்காதவருக்கு மாத்திரையையே விட்டுவிடுவதற்குப் பதில் அது ஒரு வழி, அவ்வளவுதான். இரண்டாவது வைட்டமின் சி. உணவின் இரும்பு சேர நெல்லிக்காயும் எலுமிச்சையும் உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பு மாத்திரையோடு தனியாக வைட்டமின் சி மாத்திரை சேர்த்தால் ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறுகிறதா என்று பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம், எலுமிச்சை நீர் போதும்.

இனி டிரிப். பக்கத்து வீட்டுக்காரரின் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. முன்பு இடுப்பில் போடும் இரும்பு ஊசி இருந்தது, பயங்கர வலி, போட்ட இடத்தில் கறுப்புத் தழும்பு. நரம்பில் ஏற்றும் பழைய வகை மருந்தில் கடுமையான ஒவ்வாமையும் இப்போதைவிடக் கூடுதல். அந்தக் காலத்து அனுபவம்தான் இன்றும் வாய்மொழியாக வருகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஏற்றுவது இரும்பு சுக்ரோஸ். ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம்வரை உப்புநீரில் கலந்து மெதுவாக ஏற்றி, ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரத்தில் இரண்டு மூன்று முறையோ போடுவார்கள். உங்கள் 834-க்கு நான்கு முறை போல வரும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தானால் ஒரே இருப்பில் 1000 மில்லிகிராம்வரை கால் மணி நேரத்தில் ஏற்றலாம். எது தருவார்கள் என்பது அந்தந்த மருத்துவமனையில் இருக்கும் மருந்தைப் பொறுத்தது.

குழந்தைக்குக் கெடுதலா? முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை, அப்போதைய பாதுகாப்புக்குப் போதிய தகவல் இல்லை என்பதால். அதற்குப் பிறகு போடுவது பல நாடுகளில் பல வருடங்களாக நடைமுறையில் இருக்கிறது, குழந்தையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கு வாயில் உலோகச் சுவை, உடம்பு சூடு, மறுநாள் மேல்வலி வரலாம், ஓரிரு நாளில் போகும். ஊசி நரம்பை விட்டு விலகினால் தோலில் பழுப்புக் கறை பிடித்து நீண்ட நாள் நிற்கும், அதனால் ஏற்றும்போது கை எரிந்தால் உடனே நர்சைக் கூப்பிடுங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அவசர மருந்தும் ஆளும் உள்ள இடத்தில்தான் போட வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஆஸ்துமா, வேறு ஒவ்வாமை, இப்போது காய்ச்சல், இதில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரிப் நடக்கும் நாட்களில் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், ஃபோலிக் அமிலம் தொடரும்.

டிரிப்பால் மாத்திரையைவிட வேகமாகவும் கூடுதலாகவும் அளவு ஏறும் என்பதில் சந்தேகமில்லை. போட்ட மறுநாளே ஏறாது. எலும்பு மஜ்ஜை புது அணுக்களை உண்டாக்க ஒரு வாரம் பிடிக்கும், மூன்று நான்கு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். அதனால்தான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். 37 வாரத்தில் வந்து டிரிப் கேட்டால் மருந்து உள்ளே போகும், முழுப் பலன் பிரசவத்துக்கு முன் வராமல் போகலாம். டிரிப் போட்டால் குழந்தையின் எடை கூடும், குறைப்பிரசவம் தவிரும் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். அதை அந்த அளவுக்கு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். ஹீமோகுளோபின் ஏறுவது உறுதி, மற்றவற்றுக்குச் சான்று அவ்வளவு பலமாக இல்லை.

வீட்டில் “இரத்தம் ஏற்றப் போறாங்க” என்று பதறுகிறார்கள் என்றால் அதையும் தெளிவாக்குங்கள். இது இரும்பு மருந்து, இன்னொருவரின் இரத்தம் இல்லை. இரத்தம் ஏற்றுவது வேறு கட்டம். ஐந்துக்குக் கீழே போனாலும், கடைசி வாரங்களில் ஏழுக்குக் கீழே இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்து அதை யோசிப்பார்கள். இப்போது டிரிப் போட்டுக்கொள்வது அந்தக் கட்டத்துக்குப் போகாமல் இருக்கத்தான். பிரசவத்தில் அரை லிட்டர் இரத்தம் போவது சாதாரணம். பன்னிரண்டில் இருப்பவருக்கு அது ஒரு களைப்போடு முடியும், எட்டில் இருப்பவருக்கு அதே இழப்பு மயக்கம், மூச்சுத்திணறல்வரை கொண்டுபோகும். என்னுடைய முழுக் கவலையும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியதுதான்.

டிரிப்புக்கு முன் டாக்டரிடம் சில பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. முழு இரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும், அது சிவப்பணுவின் அளவு. 80-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவுக்கு வாய்ப்பு அதிகம். பெரிதாக இருந்தால் பி12, ஃபோலிக் அமிலக் குறைவைப் பார்க்க வேண்டும். மிகவும் சிறியதாக இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கலாம். அப்படியானால் கணவரையும் பரிசோதிக்க வேண்டிவரும், இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பார்க்க முடிந்தால் நல்லது, கர்ப்பத்தில் 30-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவுதான். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஹீமோகுளோபினை ஒருமுறை விரல்நுனியிலும் இன்னொரு முறை லேபிலும் பார்த்துவிட்டு ஏறியது இறங்கியது என்று சொல்ல முடியாது, ஒரே இடத்தில் ஒரே முறையில் பாருங்கள்.

குடற்புழுவை மறந்துவிடாதீர்கள். ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் கொக்கிப்புழு பாதம் வழியாகவே ஏறி, குடலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்ததும் ஒருமுறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் கொடுப்பது வழக்கம். உங்களுக்குக் கொடுத்தார்களா, சாப்பிட்டீர்களா என்று நர்சம்மாவிடம் கேட்டு அட்டையில் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் வாங்கியிருந்தால் அதில் இரும்பு டானிக் இருக்கும். பெட்டகம் அப்படியே அலமாரியில் இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டானிக்கையும் மாத்திரையையும் சேர்த்து எடுக்கலாமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அளவு இரட்டிப்பாகிவிடக் கூடாது.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகும், குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகும் என்று மாமியார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். நிறம் பெற்றோரிடமிருந்து வருவது, மாத்திரைக்கு அதில் பங்கில்லை. இரும்பு குழந்தையைப் பெரிதாக்காது. கடுமையான குறைவு இருந்தால் குழந்தை எடை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கும் ஆபத்துதான் கூடும். முடிந்தால் அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பெரியவர்கள் பலர் மனம் மாறிவிடுவார்கள், பிறகு மாத்திரை நேரத்தை அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.

பிரசவம் எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 36 வாரத்தில் மறுபடி பார்க்கும்போது ஒன்பதரைக்குக் கீழேயே நின்றால், இரத்த வங்கி உள்ள இடத்தில் பிரசவம் பார்ப்பதே பத்திரம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது உண்டு. உங்கள் இரத்தப் பிரிவு என்ன, வீட்டில் யாருக்கு அதே பிரிவு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருப்பது, எழுந்தால் கண் இருட்டி விழுவது, இரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

பிரசவ அறையில் ஒன்றைக் கேட்டு வையுங்கள், குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துக் கட்டச் சொல்லி. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் இரத்தம் முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்பைக் கொடுக்கும். உங்களுக்கு மாத்திரை பிரசவத்தோடு முடிவதில்லை, அதற்குப் பிறகும் 180 நாள் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடலாம், பால் கறுக்காது, குழந்தைக்கு வயிறு கெடாது. ஆறாவது வாரம் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது உங்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். அந்த வரிசையில் தாயின் பரிசோதனை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது, நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும்.